கம்மாய்க் கரைக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

என் கைப்பையில் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று எப்போதும் கிடக்கும். லேபிளைக் கிழித்துவிட்டு, உள்ளும் புறமும் கழுவித் துடைத்து வைத்திருப்பேன். குடிக்க அதில் தண்ணீர் பிடிப்பதில்லை. எதற்கு என்பதைக் கரையடிக்குப் போனதும் சொல்கிறேன்.

போன தையில் அண்ணன் மகன் சென்னையிலிருந்து நாலு சிநேகிதர்களோடு வந்து இறங்கினான். "அத்தை, பறவை பாக்கணும், கம்மாய்ல குளிக்கணும், கரைமேல சைக்கிள் ஓட்டணும். எங்க போறது, எப்பப் போறது, சொல்லுங்க" என்றான். சொன்னேன். பாதியைக் காதில் வாங்கினார்கள். மறுநாள் காலையில் நான் போய்ப் பார்க்கிறேன், ஒரு பையன் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய்க் குமிழி மடைக் கல்லில் ஏறி உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்கிறான். அவன் காலுக்குக் கீழே மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவனைத் திட்டி இறக்கிக் கூட்டிவந்த பிறகு, இதை எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்று பட்டது.

எங்கள் அப்பா ஊர்க் கம்மாய்க்கு நீர்பாய்ச்சி. மடை திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பிரித்து விடுவது, மழை ராத்திரியில் கரை சுற்றுவது எல்லாம் அவர் பாடு. கூலி, அறுப்பு முடிந்ததும் களத்தில் அளக்கிற நெல். மடை திறந்தவனைத்தான் 'மடையன்' என்றார்கள் என்று மாதம் ஒரு தடவை வாட்ஸாப்பில் வருகிறது. எங்கள் அப்பாவை யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால், கூப்பிட்டவர் வயல் அன்றைக்குக் காய்ந்துதான் கிடந்திருக்கும்.

மற்ற ஊர்களில் ஏரி என்பதுதான் எங்கள் பக்கம் எழுதும்போது கண்மாய், பேசும்போது கம்மாய். நான் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன்.

எந்தக் கம்மாய், எந்த மாதம்

ராமநாதபுரம் சீமையில் அணை கட்ட மலையும் கிடையாது, இடுக்கும் கிடையாது. மேசை மாதிரிக் கிடக்கிற தரையில் மண்ணைக் குவித்து வளைத்துக் கரை போட்டு, ஐப்பசி கார்த்திகை மழையையும் வைகையின் கடைசித் தண்ணீரையும் பிடித்து வைத்தார்கள். அதுதான் எங்களுக்கு அணை. இவற்றில் பேர் பெற்றது ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாய். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று சொலவடை. ஒரு நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத கரை நீளம், அதில் 48 மடை. ஊரின் முழுப்பெயர் ராஜசிங்கமங்கலம். பாண்டிய மன்னன் ராஜசிம்மன் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. கரையின் ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரியாது. முழுவதையும் ஒரே நாளில் நடந்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். இரண்டு மூன்று மடைகளுக்கு இடையில் நடந்தாலே வந்த காரியம் முடிந்துவிடும்.

பறவைக்காக மட்டும் வருகிறவர்களுக்குச் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் என்று சரணாலயங்கள் இருக்கின்றன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன, சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இல். அத்தனையும் பாசனக் கம்மாய்கள்தான். உழவனுக்குத் தேக்கிய தண்ணீரில் பறவை வந்து குடியேறியது. சரணாலயம் என்ற பலகை பிறகு வந்தது. பலகை இருக்கிற இடத்திலும் கரை மண் கரைதான், மடை பழைய மடைதான். கீழே நான் சொல்கிறதெல்லாம் அங்கேயும் பொருந்தும்.

மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரைக்கும் நல்ல பருவம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்கிற நாளில் கரைக்கு வேடிக்கை பார்க்க வராதீர்கள். அப்போது கரை ஈரத்தில் ஊறி இளகியிருக்கும், எங்களுக்கும் உங்களைக் கவனிக்க நேரமிருக்காது. இந்தக் கடற்கரை மழையை லேசாக நினைக்கக் கூடாது. 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. மாவட்டத்தின் வருஷச் சராசரியே 82 சென்டிமீட்டர் சொச்சம்தான். சித்திரைக்கு வந்தால் கம்மாய்க்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதுவும் ஒரு அழகுதான், ஆனால் கூழைக்கடா இருக்காது.

மழை நின்று போனாலும் வைகையை ஒரு கண் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆண்டிபட்டிப் பக்கத்து வைகை அணை 71 அடி. 66 அடி வந்ததும் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது என்று செய்தியில் வரும். அங்கே திறந்துவிட்டது பார்த்திபனூர் மதகணையில் இரண்டு பக்கமும் பிரிந்து எங்கள் கம்மாய்களுக்கு வந்து சேர நாளாகும். இங்கே வானம் பளிச்சென்று இருக்கும்போதே, கம்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலில் தண்ணீர் ஏறுகிறதென்றால் காரணம் அதுதான்.

காலையில் வாருங்கள். எங்கள் பக்கம் தரை கடலைப் பார்த்துச் சரிகிறது, அதனால் பெரும்பாலான கம்மாய்களுக்குக் கரை கிழக்கிலும் தெற்கிலும் இருக்கும், தண்ணீர் மேற்கே விரிந்து கிடக்கும். கிழக்குக் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தால் காலை வெயில் உங்கள் முதுகில். ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரியும். சாயங்காலம் வந்தால் சூரியன் கண்ணைக் குத்தும். பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். சூரியன் மறைவதைப் பார்க்க வருகிறவர்கள் வரலாம். ஆனால் இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். அந்த நேரத்தில்தான் விரியன் கரை வெதுவெதுப்புக்கு ஏறி வரும்.

கரையைப் பார்க்கிற விதம்

கரைமேல் நடப்பவர்கள் எல்லோரும் தண்ணீர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு போவார்கள். கரைக்கு வருகிற நோயெல்லாம் முதலில் மறுபக்கம்தான் தெரியும். வயல் பக்கச் சரிவையும், சரிவு தரையைத் தொடுகிற கரையடியையும் பாருங்கள். நான் கரை ஏறுவதற்கு முன்னால் கீழே நூறு தப்படி நடந்துவிடுவேன். அப்பா இதை வெறுங்காலோடு நடப்பார். உள்ளங்காலுக்குச் சில்லென்று பட்ட இடத்தில் நின்று, குனிந்து மண்ணை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பார். முள்ளுக்குப் பயந்து நான் செருப்போடுதான் நடக்கிறேன். அதனால் கண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

தை மாசியில் சுற்றிலும் புல் மஞ்சளடித்துக் கிடக்கும்போது, கரையடியில் ஒரு இடத்தில் மட்டும் கோரை பச்சையாகத் தழைத்து நின்றால், அங்கே கரைக்குள்ளிருந்து ஊறல் வருகிறது என்று அர்த்தம். மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். பழைய கரை முழுக்க வறண்டு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கசிகிற தண்ணீர் எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி. இங்கேதான் பாட்டில்.

ஊறல் ஓடிவருகிற இடத்தில், கீழே கிடக்கிற சேற்றைக் கலக்காமல், பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு நிரப்புங்கள். மூடி, கரைமேல் சமமான கல்லில் வையுங்கள். ஒரு டீ குடிக்கிற நேரம். அப்புறம் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். தண்ணீர் கண்ணாடியாக இருந்து அடியில் ஒன்றும் படியவில்லையென்றால் கரை வெறுமனே வேர்க்கிறது. குறித்து வைத்துக்கொண்டு போகலாம். கலங்கியே நின்றாலோ, அடியில் மாவு மாதிரி வண்டலோ பொடி மணலோ படிந்தாலோ, அந்த மண் கரையின் வயிற்றுக்குள்ளிருந்து வருகிறது. உள்ளே ஒரு துளை விழுந்து தண்ணீர் அதை அரித்துப் பெரிதாக்கிக்கொண்டே இருக்கிறது. நேற்றுத் தெளிவாக வந்த ஊறல் இன்றைக்குக் கலங்கி வந்தால் இன்னும் மோசம். அப்பாவிடம் பாட்டில் கிடையாது, பித்தளைச் செம்புதான். செம்பில் மொண்டு வைத்து, மெல்லச் சாய்த்து ஊற்றிவிட்டு, அடியில் விரலைவிட்டுத் துழாவுவார். நறநறவென்றால் ஊருக்குள் ஆள் போகும்.

நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு கார்த்திகை ராத்திரி அப்படி ஆள் போனது. வாடைக்காற்றில் அலை தெற்குக் கரையை அறைந்துகொண்டிருந்தது. எல்லோர் கவனமும் அலைக்கல் சரிந்த இடத்தில். அப்பா மட்டும் அரிக்கேன் விளக்கோடு வயல் பக்கமாக நடந்து போய், மூன்றாவது மடைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். சோற்றுப் பானை கொதிக்கிற மாதிரித் தரையிலிருந்து தண்ணீர் கொப்புளித்தது. சுற்றிலும் எறும்புப் புற்று மாதிரிப் பொடி மணல் வட்டம். முதலில் ஓடிவந்த இளவட்டம் ஒருவர் ஒரு கூடைக் களிமண்ணை அதன் வாயில் போட்டு மிதித்தார். ஒரு நிமிஷம் அடங்கியது. பிறகு இரண்டு முழம் தள்ளி இன்னும் பெரிதாகக் கிளம்பியது.

"வாயைப் பொத்தாதடா, அது வேற வாய் தேடும்" என்று அப்பா கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. சாக்கில் மண் கட்டி, கொப்புளத்தைச் சுற்றிக் கிணற்று உறை மாதிரி முழங்கால் உயரத்துக்கு அடுக்கச் சொன்னார். உள்ளே தண்ணீர் ஏற ஏற வேகம் தணிந்தது, கலக்கல் குறைந்தது. அப்புறம் கரைக்கு மேலே போய், உள்வாயில் வைக்கோலைப் பிய்த்துத் தண்ணீர்மேல் தூவினார். எல்லாம் காற்றுப் போக்கில் ஒதுங்க, ஒரு கைப்பிடி மட்டும் ஒரே இடத்தில் வட்டமடித்து உள்ளே இழுபட்டது. அங்கேதான் துளையின் தலைவாய். நீச்சல் தெரிந்த இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, வைக்கோல் புரியையும் களிமண் சாக்கையும் அங்கே அமுக்கினார்கள். விடிகிறபோது ஊறல் தெளிந்து வந்தது. நண்டு வளையில் தொடங்கிய துளை என்று கோடையில் வெட்டிப் பார்த்தபோது தெரிந்தது.

இதைச் சொல்வது, நீங்கள் போய்ச் சாக்கு அடுக்குவதற்காக இல்லை. கொப்புளத்தைக் கண்டால் அதன் வாயில் எதையும் திணிக்காதீர்கள், அதற்குக் கீழே நிற்காதீர்கள், பக்கத்து வயலில் யார் இருந்தாலும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மற்றவற்றைப் பார்ப்பது சுலபம். எலி வளை, நண்டு வளை, கரையான் புற்று, உடும்பு தோண்டிய பொந்து எதுவானாலும் ஒரு குச்சியை விட்டு எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். கையை விடாதீர்கள். கோடையில் களிமண் கரையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விழுவது வழக்கம், முதல் மழையில் மூடிக்கொள்ளும். கரையின் நீளவாட்டில், உச்சியின் ஓரமாக, வில் மாதிரி வளைந்து ஒரே கோடாக ஓடுகிற வெடிப்பு வேறு ரகம். அந்தப் பக்கத்துச் சரிவு மொத்தமாக வழுகப் பார்க்கிறது. கரை உச்சியில் எங்கே தாழ்வு என்று அறிய மட்டக்கோல் தேவையில்லை. மழை விட்ட மறுநாள் கரைமேல் எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அங்கேதான். டிராக்டரும் ஆடுமாடும் ஏறி இறங்கித் தேய்த்த இடமாக இருக்கும். கம்மாய் விளிம்பு தட்டினால் தண்ணீர் முதலில் தாண்டுவது அந்தப் பள்ளத்தில்தான். மண் கரைமேல் தண்ணீர் தாண்டினால், உடைப்புக்கு நேரம் எண்ண வேண்டியதுதான்.

மரத்தைப் பற்றி ஒரு சண்டை எனக்கு உண்டு. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது, ஊருக்கு ஊர் அரிவாளும் ஜேசிபியுமாக இறங்கினார்கள். சந்தோஷம்தான். ஆனால் எங்கள் கரையில் ஒப்பந்தம் எடுத்தவர் மரத்தைத் தரையோடு அறுத்து விறகாக்கிக் கொண்டுபோனார், கட்டையை அப்படியே விட்டுவிட்டார். சில கட்டை தளிர்த்தது. தளிர்க்காமல் செத்த கட்டையின் வேர் உள்ளே மக்கினால் அது ஒரு குழாய். அந்தக் குழாய் கரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனால் தண்ணீருக்கு வழி காட்டிவிட்ட மாதிரி. தூரோடு பெயர்த்து, குழியில் களிமண் போட்டு இடித்து இறுக்கியிருக்க வேண்டும். பனைக்கு இந்த வம்பு இல்லை. அதன் வேர் சல்லிவேர், எவ்வளவு வயதானாலும் மரவேர் மாதிரிப் பருக்காது. கரையில் பனை வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

கடைசியாகக் கலுங்கு. கம்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போக, கரையில் கல்லால் கட்டிய தாழ்வான இடம். மறுகால் போகிறது என்றால் இதன் வழியாகத்தான். இதன்மேல் வரிசையாகக் குத்துக்கல் நிற்கும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்தக் கல்லிடுக்கில் பலகையோ மண்ணோ வைத்து அடைத்தால் இன்னும் அரை முழம் தண்ணீர் சேரும். முடிகிற சமயத்தில் என்பதுதான் முக்கியம். இப்போது ஐப்பசியிலேயே மணல் மூட்டையை அடுக்கிவிடுகிறார்கள். கடைமடைக்காரருக்கு இன்னும் பத்து நாள் தண்ணீர் என்ற ஆசை. மீன்பாசிக் குத்தகை எடுத்தவரோ மீன் மறுகாலோடு ஓடிவிடக் கூடாதென்று மூங்கில் தட்டியும் வலையும் கட்டுகிறார். முள்ளும் பாசியும் வந்து அதில் அப்பிக்கொள்ளும். கலுங்கு அடைபட்டால் தண்ணீர் கரையைத்தானே தேடும்? இதைச் சொன்னதற்கு இரண்டு வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் வரவில்லை. நீங்கள் கண்டால் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். போட்டோ எடுத்துச் சொல்லவேண்டியவர்களிடம் சொல்லுங்கள்.

சொல்லவேண்டியவர் யார்

ஆயக்கட்டு, அதாவது கம்மாய்த் தண்ணீர் பாய்கிற வயல் பரப்பு, 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் கம்மாய் நீர்வளத்துறைக்கு. 2021-இல் பொதுப்பணித் துறையிலிருந்து அது தனியாகப் பிரிந்தது, ஊரில் இன்னமும் பொதுப்பணித் துறை என்றுதான் சொல்வோம். அதற்குக் குறைந்த ஆயக்கட்டு என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் அலைந்தவள் நான். ஒரு தடவை ஊறலைப் பற்றிச் சொல்லப் போன் செய்தபோது, "அது எங்களது இல்லையேம்மா" என்று ஓர் அலுவலகம், "எங்க லிஸ்ட்ல இல்லையே" என்று இன்னொன்று. அரை நாள் போனது. இப்போது கிராம நிர்வாக அலுவலருக்கு முதலில் சொல்கிறேன், அவருக்குத் தெரியும் யாரிடம் தள்ள வேண்டும் என்று. ஆபத்து என்றால் யோசிக்காமல் 1077. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை.

'அணைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே' என்று அண்ணன் மகன் கேட்டான். 2021-இல் வந்த அந்தச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சிலவற்றுக்கும். எங்கள் கரை அவ்வளவு உயரமா? இரண்டு ஆள் உயரம் வந்தால் பெரிய காரியம். வைகை அணை அதற்குள் வரும், இந்தக் கம்மாய்கள் வராது. அதனால்தான் நடக்கிறவர்கள் கண்ணும் வேண்டியிருக்கிறது.

சொல்லும்போது 'கம்மாய் கசியுது' என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள். எந்த மடை, அதற்கு வடக்கா தெற்கா, எத்தனை தப்படி, தண்ணீர் தெளிவா கலங்கலா, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். போனிலிருந்து இருப்பிடத்தை அனுப்புங்கள். போட்டோவில் பக்கத்தில் ஒரு செருப்பைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் எறும்புப் பொந்துக்கும் நரிப் பொந்துக்கும் வித்தியாசம் தெரியாது. மேலே ஒரு கம்மாய் இருந்தால் அதையும் விசாரியுங்கள். எங்கள் பக்கம் ஒன்றன் மறுகால் அடுத்ததன் வரத்து. மேலே உடைந்தால் கீழே இருப்பது அந்தத் தண்ணீரைத் தாங்காது.

தண்ணீரில் இறங்கலாமா

கம்மாயில் குளிக்க வேண்டாம் என்பேன். நீச்சல் தெரிந்தாலும்.

குமிழி மடை என்பது கரையிலிருந்து தள்ளித் தண்ணீருக்குள் நிற்கிற இரண்டு கல் தூணும் அதன்மேல் குறுக்குக் கல்லும். பார்க்க ஊஞ்சல் சட்டம் மாதிரி அழகாக இருக்கும், அதனால்தான் போட்டோவுக்கு ஏறுகிறார்கள். தூணுக்கு நடுவே ஒரு கல் தொட்டி, அதில் துளை. துளையை அடைத்திருக்கிற குழவியை மேலே தூக்கினால் தண்ணீர் உள்ளே இறங்கி, கரைக்கு அடியில் ஓடுகிற சுரங்கம் வழியாக வயலுக்குப் போகும். மேலே தண்ணீர் அசையாமல் கிடப்பதாகத் தோன்றும், கீழே இழுப்பு இருக்கும். கால் துளையில் மாட்டினால், மேலே நிற்கிற தண்ணீர் அத்தனையும் காலைப் பிடித்து அழுத்தும். நாலு பேர் இழுத்தாலும் வராது. இப்போது பல மடைக்கு இரும்பு ஷட்டர் போட்டுவிட்டார்கள். இழுப்பு அதேதான். எந்த மடையானாலும் இருபது தப்படிக்குள் தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

இன்னொன்று, குழி. கோடையில் வண்டலும் கரம்பையும் அள்ளுகிறோம் என்று ஜேசிபி உள்ளே இறங்கும். அளவோடு எடுத்தால் கம்மாய்க்கு நல்லது. சிலர் ஒரே இடத்தில் கிணறு மாதிரித் தோண்டிவிட்டுப் போவார்கள். மழை வந்து நிரம்பியதும் முழங்கால் ஆழமும் இரண்டாள் ஆழமும் மேலே பார்த்தால் ஒன்றுதான். கோடைக்காலச் செய்திகளில் வருகிற சாவுகளில் பல இந்தக் குழிகளில்தான். சீமைக்கருவேல முள் சேற்றுக்குள் கிடப்பது தனி.

யாராவது தத்தளித்தால் பின்னால் குதிக்காதீர்கள். துப்பட்டா, வேட்டி, கயிறு, எது கிடைத்தாலும் வீசுங்கள். மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேன் நன்றாக மிதக்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துத்தான் நீந்தக் கற்றுக்கொண்டோம். உடனே 108.

மறுகால் போகும்போது கலுங்குக்குக் கீழே குளிக்கக் கூட்டம் சேரும். தண்ணீர் விழுகிற இடத்தில் கல் பெயர்ந்து பள்ளம் விழுந்திருக்கும், பாசி வழுக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கலுங்குமேல் குறுக்கே நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

தூண்டில் போடுவதானால் கேட்டுவிட்டுப் போடுங்கள். குத்தகைக்காரர் காசு கட்டியிருக்கிறார். கெளுத்தி மாட்டினால் கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டாம், முள் ஏறினால் ஒரு நாள் முழுக்கக் கடுக்கும்.

பறவைகளும், கடைசியில் கடலும்

இவ்வளவு பயமுறுத்திவிட்டு என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், நடங்கள், உட்காருங்கள், பாருங்கள். தண்ணீருக்குள் நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களில் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் என்று அடுக்குமாடி மாதிரிக் குடியிருக்கும். பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும் தெரியும், புதிதாக வருகிறவர்கள் பாம்பென்றே அலறுவார்கள். மடை வாயிலேயே அசையாமல் நிற்கிற மண் நிறக் கொக்குக்கு மடையான் என்று பேர். பக்கத்தில் போனால் பறக்கும், அப்போது பார்த்தால் இறக்கை பால் வெள்ளை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுப்பதில்லை.

கூடு இருக்கிற மரத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள். பெரிய பறவை எழுந்து பறந்த ஐந்து நிமிஷத்தில் காக்கையும் பருந்தும் முட்டையை எடுத்துவிடும். ட்ரோன் வேண்டாம், பாட்டுப் பெட்டி வேண்டாம். அடுத்த மாவட்டத்து வேட்டங்குடியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். சாம்பல், பழுப்பு நிறச் சட்டை போட்டு வந்தால் பறவை இன்னும் பக்கத்தில் விடும். சைக்கிள் ஓட்டலாம், கரை ஈரமாக இருக்கும் நாளில் தள்ளிக்கொண்டு போங்கள், சக்கரத் தடத்தில்தான் அடுத்த மழை ஓடை பறிக்கும். கார், பைக்கைக் கீழேயே நிறுத்துங்கள்.

பத்து மணிக்கு வெயில் ஏறிவிடும். அப்போது கிழக்கே கிளம்பினால் அரை மணியில் காரங்காடு. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும். கோட்டக்கரை ஆறு கடலில் சேர்கிற இடத்தில் அலையாத்திக் காடு. வனத்துறை ஊர் மக்களோடு சேர்ந்து படகு விடுகிறது, துடுப்புப் படகும் உண்டு. உயிர்காப்பு உடுப்பை மாட்டி, வாரை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். தளர்வாக இருந்தால் தண்ணீரில் விழுந்ததும் அது தலைக்கு மேல் போய்விடும், ஆள் கீழே நிற்பார். மேலே கம்மாய்களெல்லாம் மறுகால் போகிற வாரத்தில் ஆறு கலங்கி வேகமாக வரும். படகு விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மற்ற நாளில் பாக் நீரிணைக் கடல் எங்கள் பக்கம் குளம் மாதிரி.

அண்ணன் மகனையும் சிநேகிதர்களையும் அங்கேதான் கூட்டிப்போனேன். குமிழி மடையில் ஏறிய பையன் படகில் என் எதிரே உட்கார்ந்திருந்தான். வேரும் கிளையுமாகக் குகை மாதிரி மூடிய வாய்க்காலுக்குள் படகு நுழைந்தபோது, என் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, படகோரம் சாய்ந்து கொஞ்சம் தண்ணீர் மொண்டு வெயிலுக்கு எதிரே பிடித்தான். வண்டல் கலங்கலாக இருந்தது. "அத்தை, இது யாரு கரை மண்ணு?" என்றான். படகோட்டி சிரித்துவிட்டார். "ஓரமாச் சாயாம உக்காருங்க தம்பி" என்றார்.